இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

போன மாதம் என் மகள் கைப்பேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு சமன்பாட்டைத் தட்டினாள். கோடு வளைந்து வந்து நின்றது. "பாருங்கம்மா, ஒரு செக்கன்ல வரைபு வந்திருச்சு" என்றாள். "கையால போட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே கடுமையாகப் பட்டது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. உங்களிடம் சொன்னால் புரியும். நீங்களும் என்னைப் போலத் தோட்டப் பாடசாலையில் படித்து, பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சைக்குப் பயந்து பயந்து போனவர்கள். நமக்கெல்லாம் நாற்பதைத் தாண்டிவிட்டது. பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்குச் சீனி வருத்தம். பள்ளிக்கூடத்துக்கு முதல் கம்பியூட்டர் வந்த வருடத்தை மட்டும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் மறக்க நினைத்தும் முடியவில்லை.

எங்கள் பாடசாலை பெல்மதுளைச் சந்தியிலிருந்து உள்ளே போகும் தோட்டத்தில், ரப்பர் மலைக்கும் ஓடைக்கும் நடுவில் இருந்தது. பதினோராம் வகுப்பில் நாங்கள் பதினாறு பேர். மழை பிடித்தால் தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பாடம் தானாக நின்றுவிடும். இரத்தினபுரிப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாததா?

கம்பியூட்டரைப் பழைய புத்தக அறையில் வைத்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, சாக்கில் காலைத் துடைத்து, கணுக்காலில் அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாடசாலை அதிபரின் மனைவி தன் வீட்டுத் திரைச்சீலையை வெட்டி, சுருக்கு வைத்து அதற்கு உறை தைத்துக் கொடுத்திருந்தார். நீலப் பூப்போட்ட உறை. அதை எடுத்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை வரும். திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ரோமம் எழுந்து நிற்கும். எங்கள் உடுப்பு எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அந்தப் பெட்டியிலிருந்து வரும் வெதுவெதுப்புக்காகவே எல்லோரும் அதன் பக்கம் சாய்ந்து நிற்போம். இப்போது அந்தப் பெட்டியும் இல்லை, உறையும் இல்லை. ஒரு இடி மழையில் கருகிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கணக்குப் படிப்பித்த வாத்தியார், எங்களுக்குச் சேர், கலவானைப் பக்கம் இன்னொரு தோட்டத்தில் பிறந்தவர். இருபத்தைந்து வயது இருக்கும். முதல் நியமனம். எங்கள் பாடசாலையில் இரண்டு வருடமாகக் கணக்குக்கு ஆள் இல்லை. சேர் இரத்தினபுரி டவுனில் கம்பியூட்டர் கோர்ஸ் முடித்திருந்தார். அதனால் அதிபர் கம்பியூட்டரையும் கணக்கையும் சேர்த்தே அவர் தலையில் கட்டிவிட்டார். அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. பேசும்போது ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடுவார். பெருமைக்காரர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

வரைபுப் பாடம் வந்ததும் சேர், "இனி அட்டவணை போட்டு, புள்ளி வச்சு மெனக்கெட வேணாம். அதெல்லாம் பழைய முறை. கோடு எப்படி வருதுன்னு கண்ணால பாத்தா மனசுல நிக்கும்" என்றார். எங்களுக்குச் சந்தோஷம். பெருக்கிக் கூட்டி, சைபருக்குக் கீழே போகிற எண்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. சமன்பாட்டைத் தட்டினால் கறுப்புத் திரையில் பச்சைக் கோடு வரும்.

அதைத் தட்டுகிற வேலை எனக்குக் கிடைத்தது. எனக்கு ஆங்கில எழுத்து கொஞ்சம் வேகமாகத் தெரியும் என்பதுதான் காரணம். அம்மா அதைத் தண்ணிப் பைப்படியில் நின்று எல்லோரிடமும் சொன்னாள். "சேர் எம்மகளத்தான் கம்பியூட்டர தொட விடுறாரு." நான் வெட்கப்படுவது போல நடித்தேன்.

ஒரு சங்கடம் இருந்தது. அந்தக் கம்பியூட்டரைப் பொருத்திக் கொடுக்க வந்தவர், எந்தக் கோடும் வெளியே போகாமல் இருக்கட்டும் என்று இரண்டு அச்சையும் சைபருக்கு அந்தப் பக்கம் ஐம்பது, இந்தப் பக்கம் ஐம்பது என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். அத்தனை பெரிய இடத்தை அந்தச் சின்னத் திரைக்குள் அடக்கியதில், x வர்க்கம் வருகிற எல்லா வரைபும் தலைகீழான கொண்டை ஊசி போலத்தான் தெரியும். நான் ஒருநாள் அந்த எண்கள் இருந்த கட்டத்தில் அமுக்கிவிட்டேன். சேர் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். "அதத் தொடாத! கெட்டுப் போயிரும்." அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் மாமா மகள். அம்மாவின் அண்ணன் மகள், பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தாள். மாமா ரப்பர் பால் வெட்டுகிறவர். அவள் வாயாடி இல்லை. ஆனால் ஒரு விஷயம் சரியாக வராவிட்டால் அதை விடவே மாட்டாள். சேர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவள் கட்டம் போட்ட கொப்பியில் அட்டவணை போட்டு, புள்ளி வைத்து வரைந்துகொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அங்க கோடு சும்மா வருது. எங்கிருந்து வருதுன்னு தெரிய மாட்டேங்குது" என்றாள்.

ஒரு மாலை அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரு வரைபு போட்டோம். x வர்க்கம், அதிலிருந்து ஐந்து x ஐக் கழித்து, ஆறைக் கூட்ட வேண்டும். x இரண்டு என்றால் விடை சைபர். மூன்று என்றாலும் சைபர். நடுவில் இரண்டரை போட்டுப் பார்த்தாள். சைபருக்குக் கீழே கால் வந்தது. கோடு இரண்டில் அச்சை வெட்டிக் கீழே இறங்கி, மூன்றில் மறுபடி ஏறியது. ஒரு குட்டிக் கிண்ணம் போல இருந்தது. "பாத்தியா, எவ்வளவு கொஞ்சமா கீழ போயிட்டு வருது" என்று அவள் விரலை வைத்துக் காட்டினாள். நானும் பார்த்தேன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சிங்களவர், சாந்தமான மனிதர். தோட்டப் பாடசாலையில் கம்பியூட்டர் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர். அதிபர் கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். பதினாறு பேரும் அந்த அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். சேர் ஒரு சமன்பாட்டைச் சொன்னார். நாங்கள் வாசலில் உட்கார்ந்து போட்ட அதே சமன்பாடு. பாடப் புத்தகத்தில் முதலில் இருப்பதே அதுதான்.

நான் தட்டினேன். கொண்டை ஊசி வந்தது. அதன் நுனி அச்சில் ஒரே இடத்தில் தொட்டு நின்றது.

"ஹரி ஷோக்!" என்றார் வந்தவர். அருமை என்று அவர் சிங்களத்தில் சொன்னதும் அதிபர் முகம் மலர்ந்தது.

சேருக்குத் தைரியம் வந்துவிட்டது. "கோடு அச்சை எத்தன இடத்துல சந்திக்குது?" என்று எங்களைக் கேட்டார்.

"ஒன்னு சேர்" என்று எல்லோரும் கத்தினார்கள்.

மாமா மகள் கையை உயர்த்தினாள். "ரெண்டு சேர்."

சேர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "கண்ணு தெரியலயா? திரையப் பாரு."

"திரையில ஒன்னுதான் சேர் தெரியுது. ஆனா ரெண்டு போட்டாலும் சைபர் வருது, மூனு போட்டாலும் சைபர் வருது."

"அப்ப கம்பியூட்டர் பொய் சொல்லுதா?"

வந்தவர் என்ன விஷயம் என்று அதிபரிடம் சிங்களத்தில் கேட்டார். சேரின் நெற்றியில் வியர்வை. அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நீதான தினம் போடுற. ஒன்னா, ரெண்டா?"

என் கை மவுசின் மேல் இருந்தது. மாமா மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கவலையே இல்லை. நான்தான் அவளோடு போட்டுப் பார்த்தேனே என்ற நம்பிக்கை.

"ஒன்னு சேர்" என்றேன்.

அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். விருந்தாளி தேநீர் குடித்துவிட்டுப் போகும்வரை அவள் தாழ்வாரத்தில், சாரல் அடிக்கிற பக்கம் நின்றாள்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த வாரமே சேர் கடைக்குப் போகிற வழியில் மாமாவைக் கண்டார். நான் அம்மாவோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன், முழுவதும் கேட்டது. "உங்க மகளுக்குக் கணக்கு ஏறாதுங்க. வாயும் கூட. பெரிய ஆளுங்க முன்னால எங்க மானத்த வாங்கிட்டா." மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "சரிங்க சேர், சரிங்க சேர்" என்று மட்டும் சொன்னார். படித்தவர்கள் சொன்னால் அதற்கு மேல் யோசிக்காத மனிதர்.

அடுத்த திங்கட்கிழமை மாமா மகளின் இடம் காலியாக இருந்தது. அத்தையோடு தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் பிள்ளை கேட்டிருக்கிறார்களாம், தீபாவளி முடிந்ததும் அனுப்பப் போகிறார்களாம் என்று அம்மா சொன்னாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் அவள் கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போவாள். நான் பள்ளிக்கூடப் பையோடு கதவுக்குப் பின்னால் நின்று, அவள் போன பிறகுதான் வெளியே வருவேன். தீபாவளிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று தினமும் எண்ணினேன். அம்மா வயிற்றில் பூச்சி என்று நினைத்து வேப்பிலை அரைத்துக் கொடுத்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். சொல்லலாமே என்று கேட்பீர்கள். யாரிடம்? சேர் சொன்னது பிழை என்று ஒரு பிள்ளை சொல்லி, அதைக் கேட்கிற பெரியவர் யாராவது நம் லயத்தில் இருந்தார்களா?

அதற்குள் வலயத்து மாதிரிப் பரீட்சை வந்தது. வரைபுத் தாளைக் கையில் கொடுத்தார்கள். அட்டவணையில் விடுபட்ட எண்ணை நிரப்பி, அளவு எடுத்து, வரைபு வரைய வேண்டும். அதற்குப் பத்து மார்க். என் முன்னால் அந்தத் தாள் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பரந்து கிடந்தது. சைபரை எங்கே வைப்பது, ஒரு கட்டம் எவ்வளவு, ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் நடுவில் ஒரு கொண்டை ஊசியை வரைந்து வைத்தேன். சுற்றிப் பார்த்தேன். மற்றப் பதினாலு பேரும் அதையேதான் வரைந்திருந்தார்கள்.

வெளியிலிருந்து திருத்தி வந்த தாள்களில் அந்தக் கேள்வி முழுவதும் சிவப்பு. சேர் அவற்றைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

பாடசாலை விட்ட பிறகு நான் வீட்டிலிருந்து மாமா மகளோடு அன்று போட்ட வரைபை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். கம்பியூட்டர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. சேர் எண்ணெய்த் தாளைத் திரையின் மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கோட்டைப் பென்சிலால் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏழெட்டுத் தாள்கள். எல்லாவற்றிலும் கொண்டை ஊசி. என்னைப் பார்த்ததும் தாளை மறைக்கப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

நான் கொப்பியை நீட்டினேன். "சேர், அன்னைக்கு எனக்குத் தெரியும். ரெண்டுதான். நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் அதை வாங்கிப் பார்த்தார். இரண்டரைக்கு நேரே வைத்திருந்த புள்ளியில் விரலை வைத்தார். "இது எப்படிக் கீழ வந்துச்சு?" என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் பெருக்கிக் காட்டினேன்.

"நான் ஏ.எல். ஆர்ட்ஸ் படிச்சவன் பிள்ளை" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கணக்கு எடுக்க ஆள் இல்லன்னு குடுத்தாங்க. தெரியாதுன்னு சொன்னா வேல போயிருமோன்னு பயம். இந்தப் பெட்டி இருக்குதே, இது பாத்துக்கும்னு நெனச்சேன்."

அப்போது எனக்கு வந்தது கோபம்தான். நம்மைக் கெடுத்துவிட்டாரே என்ற கோபம். அந்த ஆள் எங்களைவிடப் பயந்து போயிருந்தார் என்பது அவர் வயதைத் தாண்டி எத்தனையோ வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கம்பியூட்டரைப் பொருத்தியவர் பிழையாக வைத்ததற்கும், ஆள் இல்லாத பாடத்துக்குக் கிடைத்தவரைப் போட்டதற்கும் அவர் மட்டும் என்ன செய்வார்? ஆனால் மாமாவிடம் அவர் சொன்னது அவருடைய வாயால் சொன்னது.

நான் மவுசைப் பிடித்தேன். "அந்த ஐம்பத மாத்திப் பாப்பமா சேர்?" அவர் தடுக்கவில்லை. ஒரு பக்கம் சைபர், ஒரு பக்கம் ஐந்து என்று தட்டினேன். மேலும் கீழும் ஒன்று. திரை ஒரு கணம் கறுத்தது. சேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு கோடு மெதுவாக வந்தது. இரண்டில் அச்சை வெட்டிக் கீழே இறங்கி, மூன்றில் மேலே ஏறியது.

"இத்தன நாளும் இதுக்குள்ளதான் இருந்திருக்கு" என்றார் சேர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மாமா வீட்டுக்கு வந்தார். நான்தான் வழி காட்டினேன். நல்ல மழை. மாமா வாசலில் நின்று, "வாங்க சேர், உள்ள வாங்க" என்றார். சேர் உள்ளே வரவில்லை. குடையைப் பிடித்தபடி கூரை விளிம்பின் இறவாணத்தடியில் நின்றார்.

"பிள்ளைய மறுபடி அனுப்புங்க" என்றார்.

"நீங்கதானே சேர் சொன்னீங்க, இவளுக்குக் கணக்கு ஏறாதுன்னு. கொழும்புக்குச் சொல்லி விட்டாச்சு."

"எனக்குத்தாங்க ஏறல." சேரின் குரல் மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். "அன்னைக்கு இவ சொன்னதுதான் சரி. நான் சொன்னது பிழை. பெரிய ஆளுங்க முன்னால மானம் போயிருமேன்னு பிள்ளைய வெளிய நிப்பாட்டிட்டேன்."

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்திருந்தன. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவின் முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அடித்துவிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அவர் உள்ளே திரும்பி மகளைப் பார்த்தார். "நீ அன்னைக்கே இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள். "நீங்க கேக்கலயேப்பா."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்கு வருவா சேர்" என்றார். பிறகு அத்தையிடம் தேத்தண்ணி போடச் சொன்னார்.

சேர் போன பிறகு நான் அவளிடம் என் பங்கைச் சொல்லப் போனேன். வாய் திறக்குமுன் அழுதுவிட்டேன். "பயத்துல சொல்லிட்டேன்" என்றேன். அவள் விறகைத் தள்ளி வைத்தாள். "ரெண்டு மாசம் உன் மொகத்தப் பாக்கவே எனக்குப் புடிக்கல. இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கு" என்றாள். "கொப்பிய எடுத்துட்டு வா. பரீட்சைக்கு நாள் இல்ல."

அதற்குப் பிறகு கரும்பலகையில் கட்டம் கீறி அவள்தான் எங்கள் பதினைந்து பேருக்கும் புள்ளி வைக்கக் காட்டினாள். சேர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து தானும் எழுதிக்கொண்டார். கையால் போட்ட பிறகுதான் கம்பியூட்டரில் தட்டுவோம். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஏன் என்று தேடுவோம். நாட்கள் போதவில்லை. வரைபு மட்டுமா, ஒரு வருடத்துக் கணக்கு முழுவதுமே ஓட்டையாகக் கிடந்தது. டிசம்பரில் பெல்மதுளைக்குப் போய்ப் பரீட்சை எழுதினோம். வரைபுக் கேள்வியைச் செய்துவிட்டேன். மற்றவற்றில் பாதியைத் தொடவே முடியவில்லை.

பெறுபேறு வந்த நாள் அலுவலகச் சுவரில் தாளை ஒட்டினார்கள். மாமா மகளுக்குக் கணக்கில் சி, நல்ல பாஸ். என் பெயருக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு போனேன். டபிள்யூ. ஃபெயில். விரலை எடுக்காமல் அங்கேயே நின்றேன். தண்ணிப் பைப்படியில் அம்மா என்ன சொல்வாள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

சேர் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு வேறு பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் போகிறார். "நானும் மொதத் தடவ கணக்குல ஃபெயில்தான் பிள்ளை" என்றார். "ரெண்டாந்தடவதான் பாஸ் பண்ணினேன்." அப்படியே போய்விட்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் ஓடைப் பாலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாமா மகள் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் லயத்துக்கு நடந்தாள். அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, ஈரச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"அத்தை, இவளுக்குக் கணக்கு கெடைக்கல" என்றாள் மாமா மகள். என்னால் சொல்ல முடியாததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "மத்த எல்லாம் பாஸ்."

அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "திரும்ப எழுதலாமா?"

"எழுதலாம் அத்தை. நான் கூட இருந்து சொல்லிக் குடுக்கிறேன்."

அம்மா சாக்கைக் கொடியில் போட்டாள். கையைக் கழுவினாள். நான் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"அப்ப ஏன் அங்க நிக்கிற?" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்க."